பட்டாசுப் பெட்டி டிரஸ்

இந்த வாரம் ஒரு ஃபேஷன் ஷோ பற்றிப் பேசப் போறேன். என்னைத் தெரிஞ்சவங்க இப்பவே சிரிச்சிருப்பீங்க. அலமாரியைத் திறந்தா கறுப்பு, சாம்பல், நேவி ப்ளூன்னு மூணே கலர் வச்சிருக்கிற ஆள் நான். அது ஏன்னு சொன்னாத்தான் கதை ஆரம்பிக்கும்.

2014. இன்ஜினியரிங் முதல் வருஷம். சாத்தூரிலிருந்து சென்னை ஹாஸ்டலுக்கு வந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. தீபாவளி லீவு முடிந்து திரும்பியபோது, அம்மா எடுத்துக்கொடுத்த புது சுடிதாரைப் போட்டுக்கொண்டு கிளாஸுக்குப் போனேன். ராணி பிங்க் டாப்ஸ், கிளிப்பச்சை பேன்ட், மாம்பழ மஞ்சளில் ஜரிகை வைத்த துப்பட்டா. உள்ளே நுழைந்ததும் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "என்னடி, பட்டாசுப் பெட்டி மாதிரி வந்திருக்க!"

கிளாஸே சிரித்தது. நானும் சிரித்தேன். கோபப்படக்கூட முடியவில்லை, உவமை அவ்வளவு சரியாக இருந்தது. அதே பிங்க், அதே பச்சை, அதே மஞ்சள். எங்கள் ஊரிலிருந்து இருபது கிலோமீட்டரில் இருக்கிற சிவகாசியில் அச்சாகி, எங்கள் தெருவில் பாதி வீடுகளுக்குச் சோறு போட்ட கலர் அது. அந்த சுடிதார் அதற்கப்புறம் பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. அம்மா கேட்டபோது "சைஸ் சரியில்லம்மா"ன்னு சொல்லிட்டேன். சைஸ் கச்சிதமா இருந்துச்சு.

ஐந்து வருஷம் கழித்து ஒரு ராத்திரி. ஆபீஸில் ரிலீஸ் போட்டுவிட்டு, எதுவும் உடையுதான்னு லாகையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்து ஸ்க்ரீனில் யூடியூப் தானாக எதையோ ஓட்டிக்கொண்டிருந்தது. ஏதோ பாரிஸ் ஃபேஷன் ஷோ. வழக்கமா அந்த மாதிரி வீடியோவில் எலும்பும் தோலுமா ஒரு பெண் சாம்பல் கலர் கோட்டைப் போட்டுக்கிட்டு யார் மேலயோ கோபமா நடந்து போவாங்க. இது அப்படி இல்லை. ஒரு மாடல் வருகிறார், இடுப்புக்குக் கீழே ஒரு ராட்டினமே வருகிறது. திருவிழாவில் குதிரை பொம்மை மேல் உட்கார வைத்துச் சுற்றுவார்களே, அதே ராட்டினம். பாவாடை அப்படியே குடை மாதிரி விரிந்து நிற்க, அதைச் சுற்றிக் குதிரைகள். சர்க்கஸ் கூடாரத்தில் இருக்கிற எல்லா கலரும் அந்த மேடையில் இருந்தது. ஒரு கலருக்கும் பக்கத்துக் கலருக்கும் சமாதானம் கிடையாது. ஆனா மொத்தமா பார்த்தா கண்ணை எடுக்க முடியலை.

டிசைனர் மனீஷ் அரோரா. அது 2009 வசந்த, கோடைக் காலத்துக்காக 2008 அக்டோபரில் பாரிஸில் அவர் காட்டிய தொகுப்பு. அடுத்த மாதமே பாடகி கேட்டி பெர்ரி அந்த ராட்டின டிரஸ்ஸைப் போட்டுக்கொண்டு லிவர்பூலில் எம்.டி.வி. ஐரோப்பிய இசை விருது மேடைக்கு வந்தார்.

அன்றைக்கு எனக்கு முதலில் வந்தது வியப்பு இல்லை. "அடப்பாவி, இது பட்டாசுப் பெட்டிடா!"ன்னு வாய்விட்டே சொன்னேன். நான் ஐந்து வருஷமாக ஒளித்து வைத்திருந்த கலரைப் போட்டுக்கொண்டு ஒருத்தர் பாரிஸில் கைதட்டல் வாங்குகிறார்.

அதுக்கப்புறம் அவர் வேலையைத் தேடித் தேடிப் பார்த்தேன். மும்பையில் பிறந்தவர். காமர்ஸ் படித்துக்கொண்டிருந்தவர் டெல்லி நிஃப்டில் சேர்ந்து 1994-ல் முடித்தார். 1997-ல் சொந்தப் பேரில் தொழில் தொடங்கினார். 2005-ல் லண்டன் ஃபேஷன் வீக், 2007-லிருந்து பாரிஸ். 2011-ல் பாக்கோ ரபான் என்ற பழைய பிரெஞ்சு நிறுவனத்துக்கே கிரியேட்டிவ் டைரக்டர் ஆனார், ஆனால் அது ஒரு வருஷம்தான் நீடித்தது. 2016-ல் பிரெஞ்சு அரசு அவருக்கு லீஜியன் ஆஃப் ஆனர் கொடுத்தது. பிங்க்கும் தங்கமும்தான் அவர் கையெழுத்து. பட்டாம்பூச்சி, பூ, மிருகம், கண்ணைப் பறிக்கும் பிரின்ட், அதன் மேல் எம்பிராய்டரி, அதன் மேல் அப்ளிகே, அதற்கும் மேல் மணி. போதும்னு ஒரு இடத்தில் நிறுத்துற பழக்கமே அவருக்குக் கிடையாது. எனக்கு அதுதான் பிடித்தது. நான் வேலை பார்க்கிற ஆப்பில் சாம்பலுக்கு மட்டும் பன்னிரண்டு ஷேடு வச்சிருக்கோம், அதில் பதிமூணாவதைச் சேர்க்க ஒரு மீட்டிங் நடந்தது. அந்த மீட்டிங்கிலிருந்து வருகிற ஆளுக்கு மனீஷ் அரோராவைப் பார்ப்பது, ஏசி ரூமில் இருந்து இருக்கன்குடி ஆடி வெள்ளிக் கூட்டத்துக்குள் விழுவது மாதிரி.

அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் ஒரு சொல்லை விடாமல் பயன்படுத்துகிறார்கள்: கிட்ச். ஜெர்மன் சொல். மலிவான, மிகையான, தெருவோர ரசனை என்று அர்த்தம். ஒரு காலத்தில் திட்டுவதற்கு வைத்திருந்த வார்த்தை, இப்போது பாராட்டுவதற்கும் உதவுகிறது. யார் பண்ணுகிறார், எங்கே வைத்துப் பண்ணுகிறார் என்பதைப் பொறுத்து. நம்ம பாஷையில் இதற்கு "ராமராஜன் கலர்"னு பேரு. ஆனா நம்ம ஊர்ல அதைப் பாராட்டா மாத்த இன்னும் யாரும் முயற்சி பண்ணலை.

அவர் சிவகாசியை மனதில் வைத்துத்தான் செய்தார் என்று நான் சொல்ல வரவில்லை. அவர் எடுத்துக்கொண்டது மொத்த இந்திய பஜாரை. என் கேள்வி வேற. எங்கள் பக்கத்து பஜாரில் அந்தக் கலர் எப்படி வந்தது? யாரோ ஒருத்தர் ரசனை இல்லாமல் "அடிக்கிற கலரா போடு"ன்னு சொன்னதால் வந்ததா? அதைத் தேடிப் போனதில் கிடைத்ததுதான் இனி வருகிற கதை.

தீப்பெட்டியிலிருந்து ஆரம்பிக்கணும். நூறு வருஷம் முன்னாடி இந்தியாவில் தீப்பெட்டி என்றால் பெரும்பாலும் ஸ்வீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் கப்பலில் வந்ததுதான். ஜப்பான்காரர்கள் கெட்டிக்காரர்கள். வாங்குகிற ஊருக்குத் தக்க லேபிள் அடித்தார்கள், இந்தியாவுக்கு வந்த பெட்டிகளில் யானையும் புலியும் சாமியும் இருந்தன. 1922-ல் பிரிட்டிஷ் அரசு இறக்குமதித் தீப்பெட்டி மேல் குரோஸுக்கு ஒன்றரை ரூபாய் வரி போட்டது. குரோஸ் என்றால் 144 பெட்டி. வெளிநாட்டுப் பெட்டி விலை ஏறியதும், இங்கேயே செய்தால் கட்டுப்படியாகும் என்ற நிலை வந்தது. அதே 1922-ல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தொழிலைக் கற்றுக்கொண்டு, 1923-ல் திரும்பி வந்து தொடங்கினார்கள். கரிசல் பூமி, மழை இல்லாத ஊர், விவசாயத்தை நம்பிப் பிழைக்க முடியாத ஜனம். மருந்து காய்வதற்கு வெயில் வேணும், வேலைக்குக் கை வேணும். இரண்டும் எங்கள் பக்கம் ஏராளம். சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி என்று தீப்பெட்டி ஆபீஸ்கள் பரவின. ஆமா, எங்க ஊர்ல தீப்பெட்டி ஃபேக்டரிக்கு "ஆபீஸ்"னுதான் பேரு. சின்ன வயசில் "எங்க அம்மா ஆபீஸ் போறாங்க"ன்னு நான் சொன்னதை சென்னை ஃப்ரெண்ட்ஸ் வேற மாதிரி கற்பனை பண்ணியிருந்தாங்க.

தீப்பெட்டி வந்தால் லேபிள் வரணும். இங்கேதான் கலர் கதைக்குள் வருகிறது. வாங்குகிறவர்களில் பெரும்பாலானோருக்குப் படிக்கத் தெரியாத காலம். கடைக்காரரிடம் கம்பெனிப் பெயர் சொல்லிக் கேட்க முடியாது, படத்தைச் சொல்லித்தான் கேட்கணும். நம்ம ஊரில் "மார்க்" என்ற சொல் இப்படித்தான் வேர்விட்டது. பட்டாசு வாங்கும்போது இன்றைக்கும் "அணில் மார்க் இருக்கா, சேவல் மார்க் இருக்கா"ன்னு கேட்கிறோமே தவிர, ஸ்டாண்டர்ட் ஃபயர்ஒர்க்ஸ், காளீஸ்வரின்னு யார் கேட்கிறா? ஆக அந்தப் படம் அலங்காரம் இல்லை. அதுதான் பெயர். இரண்டு இஞ்ச் அகலத் தாளில், பெட்டிக்கடையின் மங்கலான வெளிச்சத்தில், ஆறடி தள்ளி நிற்கிற ஆள் ஒரே பார்வையில் "அதோ அது"ன்னு கை நீட்டணும். பக்கத்துப் பெட்டியில் இருக்கிற புலியிலிருந்து இந்த மானைப் பிரித்துக் காட்டணும். வெளிர்நீலமும் சந்தனமும் வைத்து இதைச் செய்ய முடியாது. இந்த பாட்காஸ்டோட கவர் படம் உங்க போன்ல நகம் அளவுக்குத் தெரியுது இல்லையா, அதை டிசைன் பண்ணும்போது நான் மூணு வாரம் மண்டையை உடைச்சுக்கிட்டேன். கடைசியில் என்ன பண்ணினேன்? கறுப்புல மஞ்சள். எங்க ஊர்க்காரங்க அதை எப்பவோ கண்டுபிடிச்சுட்டாங்க.

ஆரம்பத்தில் லேபிள்கள் வெளியூரிலிருந்து அச்சாகி வந்தன. 1930களுக்குள் சிவகாசியிலேயே லித்தோ அச்சகங்கள் வந்துவிட்டன. லித்தோ என்றால் என்ன? இதை எனக்குச் சொல்லித்தந்தது என் பெரியப்பா. சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் முப்பது வருஷத்துக்கு மேல் மெஷின் ஓட்டியவர்.

எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது, அவ்வளவுதான் அடிப்படை. 1796-ல் ஜெர்மனியின் பவேரியாவில் அலாய்ஸ் செனஃபெல்டர் என்பவர் கண்டுபிடித்தார். வழவழப்பான சுண்ணாம்புக் கல்லில் எண்ணெய்ப் பசை உள்ள மையால் படம் வரைவார்கள். கல்லை நனைத்துவிட்டு அச்சு மையை உருட்டினால், வரைந்த இடத்தில் மட்டும் மை பிடிக்கும், ஈரமான இடத்தில் பிடிக்காது. தாளை வைத்து அழுத்தினால் படம். ஒரு கல்லுக்கு ஒரு கலர். மஞ்சளுக்கு ஒரு கல், சிவப்புக்கு ஒரு கல், நீலத்துக்கு ஒரு கல், கறுப்புக்கு ஒரு கல். ஒரே தாள் நான்கு தடவை மெஷினுக்குள் போய் வரணும். கல் போய்த் துத்தநாகத் தகடு வந்தது, பிறகு ஆஃப்செட் வந்தது. பெரியப்பா வேலைக்குச் சேர்ந்தபோது தகடுதான், கல்லெல்லாம் மூலையில் கிடந்ததாம். ஆனால் கணக்கு மாறவில்லை.

அந்தக் கணக்குதான் முக்கியம். ஒரு கலர் கூட்டினால் ஒரு தகடு, ஒரு ஓட்டு, ஒரு நாள் கூலி கூடும். தீப்பெட்டியில் லாபம் பைசாவில்தான். அதனால் லேபிளுக்கு இரண்டு கலர், மூன்று கலர், மிஞ்சிப் போனால் நான்கு. பச்சை வேணுமா? மஞ்சள் மேல் நீலத்தை ஓட்டு. ஆரஞ்சு வேணுமா? மஞ்சள் மேல் சிவப்பு. மென்மையான நிழல் வேணும் என்றால் ஆர்ட்டிஸ்ட் உட்கார்ந்து கையால் புள்ளி புள்ளியாக வைக்கணும், அதற்கு நேரம் ஆகும். ஆகவே கலரை முழுசாக, தட்டையாக, கொட்டி அடி. தாளும் மட்டமான தாள், மையை உறிஞ்சி மங்கலாக்கிவிடும். அதனால் மையை இன்னும் கொஞ்சம் தூக்கலாகவே வை. நான் ரசனைக் குறைவு என்று நினைத்து வெட்கப்பட்ட ஒவ்வொரு விஷயத்துக்கும் பின்னாடி ஒரு காரணம் இருந்தது. சாஃப்ட்வேர்ல இதைக் கேட்டா நாங்க மரியாதையா "கன்ஸ்ட்ரெயின்ட்"னு சொல்வோம், அதை வச்சு ஒரு கான்ஃபரன்ஸ்ல பேசவே பேசிடுவோம்.

இன்னொரு விஷயம் பெரியப்பா சொன்னார், எனக்கு அது ரொம்பப் பிடித்தது. ஒவ்வொரு கலரும் முன்னால் அடித்த கலருக்கு மேல் சரியாக உட்காரணும். அதற்கு ரெஜிஸ்டர் என்று பெயர். மயிரிழை தவறினால் சாமியின் உதட்டுச் சிவப்பு கன்னத்துக்குப் போய்விடும். தாள் ஈரக்காற்றைக் குடித்தால் கொஞ்சம் நீளும். முதல் கலர் அடித்த தாள் ராத்திரி நீண்டுவிட்டால், மறுநாள் அடிக்கிற கலர் உட்காராது. வருஷம் பூரா ஈரக்காற்றடிக்கிற கடலோர ஊரில் இது பெரிய தலைவலி. சிவகாசிக் காற்று காய்ந்த காற்று. வெடிமருந்தைக் காய வைத்த அதே வறட்சிதான் கலரையும் இடத்தில் உட்கார வைத்தது. வானம் பொய்த்ததை இப்படி மூன்று தொழிலாக்கிய ஊர் வேறெங்காவது இருக்கிறதா என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள். 1940களுக்குப் பிறகு பட்டாசும் பெரிதாக வளர, அதற்கும் பெட்டி, அதற்கும் லேபிள். லட்சுமி வெடி, பிஜிலி, சங்கு சக்கரம், புஸ்வாணம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு படம்.

அடுத்து காலண்டர். பிரஸ் இருக்கிறது, மை இருக்கிறது, படம் போடத்தான் ஆள் வேணும். அந்த ஆள் சாத்தூருக்குத் தெற்கே அரை மணி நேர பஸ் தூரத்தில் கோவில்பட்டியில் இருந்தார். சி. கொண்டையராஜு, 1898-ல் பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் படித்தார். திருவண்ணாமலையில் ரமணரின் ஆசிரமத்தில் கொஞ்ச காலம் இருந்தார். பிறகு நாடகக் கம்பெனியில் சேர்ந்து சீன் எழுதினார். மேடைக்குப் பின்னால் தொங்குமே அரண்மனை, காடு, தர்பார், அந்தத் திரைச்சீலைகள். 1940களில் கோவில்பட்டியிலேயே தங்கிவிட்டார். டி.எஸ். சுப்பையா, மு. ராமலிங்கம், டி.எஸ். அருணாசலம், எஸ். மீனாட்சிசுந்தரம் என்று சீடர்கள் சேர்ந்தார்கள். அவர்கள் வரைந்த முருகனும் லட்சுமியும் மீனாட்சி கல்யாணமும் சிவகாசியில் அச்சாகி, மளிகைக் கடை, ஜவுளிக் கடை, மில் விளம்பரத்தோடு நாடு முழுக்கச் சுவரில் தொங்கின. 1950களின் கடைசியில் வந்த கஜேந்திர மோட்சம் படம் பிரமாதமாக ஓடியது. 1976-ல் கொண்டையராஜு இறந்தார். இன்றைக்கு முருகன் என்று கண்ணை மூடினால் உங்களுக்குத் தெரிகிற முகத்தில் அவர் கை இருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது.

அந்தப் படங்களை நாடகத் திரை வரைந்த கை வரைந்தது என்று தெரிந்த பிறகு பார்த்தால் எல்லாம் வேற மாதிரி தெரியுது. திரைச்சீலையை கடைசி வரிசையில் மணலில் உட்கார்ந்திருப்பவருக்கும் தெரியும்படி வரையணும். நகை மின்னணும், பட்டு பளபளக்கணும், பின்னால் மலையும் அருவியும் வேணும். ஃபேஷன் மேடைக்கும் இதே தேவைதானே? பத்து விநாடியில் ஒரு டிரஸ் நடந்து போய்விடும். அதற்குள் கடைசி வரிசைக்குப் போய்ச் சேரணும்.

சரி, லேபிள் எப்படித் துணியானது? இதற்கு ஒரு விசித்திரமான முன்கதை இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் மான்செஸ்டர் மில் துணி இந்தியாவுக்கு வந்து குவிந்தது. அதில் பெரும்பகுதி வெறும் வெள்ளைத் துணி. எல்லா மில் துணியும் ஒரே மாதிரி இருந்தால் எப்படி விற்பது? ஒவ்வொரு துணிக்கட்டு மேலும் அட்டகாசமான கலர் லேபிள் ஒட்டினார்கள். கிருஷ்ணன், காளி, ராஜா, யானை, நாட்டியக்காரி, எல்லாம் லித்தோவில் பளபளவென்று. துணி வெள்ளை, லேபிள் கலர். துணியை உடுத்திக்கொண்டு லேபிளைப் பத்திரப்படுத்தி வைத்தவர்கள் இருந்தார்கள், இன்றைக்கும் அந்த லேபிள்களைச் சேகரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் என்ன நினைக்கிறேன்னா, மனீஷ் அரோரா மாதிரி ஆட்கள் பண்ணினது இந்த ஏற்பாட்டைத் தலைகீழா புரட்டினதுதான். லேபிளையே துணியாக்கிட்டாங்க.

அமெரிக்காவில் இது ஒரு கம்பெனியின் தமாஷாக நடந்தது. 1962-ல் ஆண்டி வார்ஹோல் காம்ப்பெல் சூப் டப்பாக்களை 32 ஓவியங்களாக வரைந்து கலைக்கூடத்தில் வைத்தார். 1966, 67 வாக்கில் காம்ப்பெல் கம்பெனியே சூப் டப்பா லேபிள் பிரின்ட் செய்த காகித டிரஸ் ஒன்றை வெளியிட்டது. ஒரு டாலரும் இரண்டு சூப் லேபிளும் அனுப்பினால் டிரஸ் தபாலில் வரும். போட்டுக் கிழித்துப் போடலாம். இன்றைக்கு அது மியூசியத்தில் இருக்கிறது. 2014 பிப்ரவரியில் மிலானில், மாஸ்கினோ நிறுவனத்துக்காக ஜெரமி ஸ்காட் தன் முதல் ஷோவில் மெக்டொனால்ட்ஸ் சிவப்பும் மஞ்சளுமாக மாடல்களை நடக்க வைத்தார். கடைசியில் வந்த நீள கவுன்களில் சாக்லேட் உறை, சிப்ஸ் பாக்கெட் டிசைன்கள். உலகமே கைதட்டியது. அதே 2014, அக்டோபரில் என் கிளாஸ் என்னைப் பார்த்துச் சிரித்தது. எனக்கு எட்டு மாசம் முன்னாடியே மிலான்ல ஓகே பண்ணிட்டாங்க, எங்க கிளாஸுக்குத்தான் நியூஸ் வரலை.

இதைச் சொல்லி ஜெயித்த மாதிரி எபிசோடை முடித்திருப்பேன். அம்மாவிடம் போனில் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் அது முடியாது என்று தெரிந்தது.

லேபிள் அழகைப் பற்றி நான் பேசப் பேச அம்மா பேசாமல் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்: "ஏத்தா, நான் அதைப் படமா பாத்ததே இல்ல. எண்ணிக்கையாத்தான் பாத்தேன்."

அம்மா எட்டு வயதிலிருந்து வீட்டில் பெட்டி ஒட்டியவள். அப்போதெல்லாம் மரச்சீவல் பெட்டி. மைதாப் பசை காய்ச்சி, சீவலை மடக்கி, தாள் சுற்றி, மேலே லேபிள். குரோஸுக்கு இத்தனை பைசா என்று கூலி. பத்து வயதில் தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கப் போனாள். சட்டத்தில் இருக்கிற வரிப்பள்ளங்களில் குச்சிகளை ஒவ்வொன்றாக அடுக்குகிற வேலை. விடியுமுன் வேன் வந்து ஊர் ஊராகப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும். அவள் வகுப்பில் படித்த பெண்களில் பாதிப்பேர் அந்த வேனில் இருந்தார்களாம். குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-ல்தான் வந்தது. எம்.சி. மேத்தா வழக்கில் சிவகாசிப் பிள்ளைகள் பற்றி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 1996 டிசம்பரில். வேலைக்கு வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி இருபதாயிரம் ரூபாய் நலநிதியில் கட்டணும் என்றது. அந்தத் தீர்ப்பு வந்தபோது அம்மாவுக்குக் கல்யாணமாகி, நான் பிறக்கிற சமயம்.

"அந்த மானு, புலி எல்லாம் எனக்கு மூஞ்சி ஞாபகம் இல்ல. லேபிள் கோணலா ஒட்டுனா கழிச்சுப் போடுவாக, அது மட்டும் ஞாபகம் இருக்கு"ன்னாள்.

"அப்ப ஏம்மா எனக்கு அந்தக் கலர்லயே எடுத்துக் கொடுத்த?"

"கலர் என்ன பாவம் பண்ணுச்சு? நான் எட்டு வயசுல தீபாவளிக்கு அந்த மாதிரி ஒண்ணு கேட்டு அழுதேன். கிடைக்கல."

அதற்குப் பிறகு எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. சைஸ் பற்றிச் சொன்ன பொய்யை அன்றைக்குத்தான் ஒப்புக்கொண்டேன். "தெரியும்"ன்னு மட்டும் சொன்னாள்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது பெரியப்பாவிடம் போனில் அந்த ராட்டின டிரஸ்ஸைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு விரலால் பெரிதாக்கினார். பாராட்டெல்லாம் இல்லை. வாய்க்குள் முணுமுணுத்தபடி கலரை எண்ணினார், பன்னிரண்டுக்கு மேல் எண்ணிக்கை விட்டுப்போச்சு.

"இது அச்சு மட்டும் இல்ல. தையல் நிறைய இருக்கு."

"ஆமா பெரியப்பா, எல்லாம் கை எம்பிராய்டரி."

"இத்தனையும் யாரு பண்ணுனது?"

"மனீஷ் அரோரான்னு ஒரு டிசைனர்."

"அவரு ஒருத்தரா?"

இல்லைன்னு சொன்னேன். நம்ம நாட்டு எம்பிராய்டரிக் கைகள் எத்தனையோ, அவர் பேரில் பாரிஸுக்குப் போயிருக்கின்றன. பெரியப்பா இதைக் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. பிரஸ்ஸிலும் அப்படித்தானே என்றார். கொண்டையராஜு படத்தில் கீழே மூலையில் பேர் இருக்கும், சீடர் பேரும் சேர்ந்து இருக்கும். காலண்டருக்கு அந்த மரியாதை உண்டு. தீப்பெட்டி லேபிளில் கம்பெனிப் பேருக்கே இடம் பத்தாது, வரைந்தவன் பேருக்கு எங்கே போவது? அவரோடு வேலை பார்த்த ஒரு லித்தோ ஆர்ட்டிஸ்ட் கலரைப் பிரிக்க எந்தக் கருவியும் வைத்துக்கொள்ளமாட்டாராம். படத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, மஞ்சள் எங்கெங்கே வரணும், சிவப்பு எங்கெங்கே என்று தனித்தனித் தகட்டில் புள்ளி வைத்துக்கொண்டு போவாராம். ஓட்டி முடித்தால் மொத்தப் படமும் வந்து நிற்கும். ஃபோட்டோஷாப்பில் ஒரு பட்டனை அழுத்தி நான் செய்கிற வேலையை மண்டைக்குள்ளேயே செய்த ஆள்.

பேசிக்கொண்டே எழுந்து போய் பீரோவிலிருந்து ஒரு பழைய டைரியை எடுத்து வந்தார். உள்ளே அவர் ஓட்டிய லேபிள்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பிரதி. வெட்டாத தாள் சிலதும் இருந்தது, ஒரே மான் எட்டு வரிசையாக ஓடிக்கொண்டிருந்தது. அப்படியே துணியில் அடித்தால் நான் போடுவேன் என்று சொன்னதும் சிரித்தார். நல்லதாக நாலு எடுத்துக்கொள் என்றார். நான் எடுத்ததில் ஒன்றில் கிளியின் சிவப்பு மூக்கு, மூக்கை விட்டுக் கொஞ்சம் தள்ளி இருந்தது. அதை மட்டும் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இத வேணா விட்ரு. மழை பெஞ்ச அன்னைக்கு ஓட்டுனது."

அதையும்தான் எடுத்துக்கிட்டு வந்திருக்கேன்.